சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகுதா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"இந்தா, மறுபடியும் நின்னுடுச்சு!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முடிச்சூரில் எங்கள் வீட்டு ஹாலிலிருந்து அப்பாவின் குரல். நின்றது ஃபேன் இல்லை, மோட்டாரும் இல்லை. எங்கள் வீட்டு டெஸ்க்டாப். மவுஸ் அம்பு மட்டும் ஸ்கிரீனில் நகர்கிறது. எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் வேலை செய்கிறது.

2013-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம் அது. கோர் ஐ3 பிராசஸர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அண்ணன் காலேஜ் புராஜெக்ட் செய்தது அதில்தான். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்ததும் அதில்தான். இப்போது அப்பா எங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொருளாளர். சந்தாக் கணக்கு, வாட்ச்மேன் சம்பளம், தெருவிளக்கு மனு என எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

"பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கிக்கலாம்ப்பா" என்றேன். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "அதுலதான்டி எல்லா போட்டோவும் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2014 கோடை விடுமுறையில் அண்ணன் எங்கள் வீட்டு ஆல்பங்களை ஸ்கேன் செய்து அதில் ஏற்றினான். மொத்தம் 212 படங்கள். அம்மா, அப்பா கல்யாணம், எங்கள் காதுகுத்து, தாத்தா, பாட்டி என எல்லாம் அதில் அடக்கம். அடுத்த வருடம் டிசம்பரில் வெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதியன்று பெய்த மழை, 24 மணி நேரக் கணக்கில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவும் அண்ணனும் சி.பி.யூ-வை மட்டும் பெட்ஷீட்டில் சுற்றி லாஃப்ட்டில் ஏற்றினார்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்களை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படங்கள் எல்லாம் சாயம் போன துணிபோல ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடிவிட்டது. ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் அந்த 212 படங்களுக்கு இன்னொரு காப்பி எடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்!"

முதலில் எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கேட்டோம். போனிலேயே பதில் வந்துவிட்டது. "ஃபார்மட் அடிச்சு புது விண்டோஸ் போட்டுடலாம் சார், புதுசு மாதிரி ஓடும்." எதிர்வீட்டு அங்கிள், "ரேம் போயிருக்கும்" என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், "வைரஸ்" என்றார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. காய்ச்சல் என்றதும் ஊசி போடும் கதைதான்.

நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவள், இன்ஜினீயர் இல்லை. ஆனால், வேலை காரணமாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல வருடமாக ஹார்டு டிஸ்க் வேலை பார்க்கும் ஒரு அண்ணனைத் தெரியும். அவருக்கு போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது இதுதான்: "எப்ப நிக்குது? எதைத் தொட்டா நிக்குது? அதைச் சொல்லும்மா முதல்ல."

எங்கள் வீட்டில் அதற்குப் பதில் இருந்தது. அப்பாவுக்கு எதையும் டைரியில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணி லாரி வந்த நேரம் வரிசையில் சிஸ்டம் நின்றதையும் எழுதியிருந்தார். காலை 7.10, போட்டோ ஃபோல்டர் திறந்தேன், நின்றது. மாலை, யூடியூபில் கச்சேரி ஒரு மணி நேரம், நிற்கவில்லை. மறுநாள், போன வருடக் கணக்கு ஃபைல் திறந்தேன், நின்றது. இந்த மாதக் கணக்கு, நிற்கவில்லை.

இதைப் படித்துக் காட்டியதும் அந்த அண்ணன் சொன்னார்: "சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடு. யாரும் ஃபார்மட் பண்ண வேணாம். டிஸ்க்ல ஏதோ இருக்கு."

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்? அதைப் புரிந்துகொண்டால், உங்கள் வீட்டு சிஸ்டத்தையும் நீங்களே பாதி அளவுக்குச் சோதித்துவிடலாம்.

மூன்று நோய், ஒரே பெயர்

நாம் எல்லாவற்றையும் 'சிஸ்டம் ஸ்லோ' என்றே சொல்கிறோம். உண்மையில் மூன்று வேறு விஷயங்கள் உண்டு.

ஒன்று, எப்போதும் மெதுவாக இருப்பது. ஆன் ஆக ஐந்து நிமிடம், குரோம் திறக்க ஒரு நிமிடம். இது பெரும்பாலும் வயது, ரேம் பற்றாக்குறை அல்லது ஆன் ஆகும்போதே கூடவே கிளம்பும் தேவையில்லாத புரோகிராம்கள்.

இரண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென நிற்பது. இதைத்தான் ஹேங் என்கிறோம். நின்று, தானாகவே மீண்டு வருகிறதா? மீளாமலே போய், பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் காரணம் வேறு.

மூன்று, பட்டென்று ஆஃப் ஆவது அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆவது. இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டையும் கரன்ட்டையும்தான்.

அடுத்தமுறை நிற்கும்போது பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் லைட் எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. லைட் அசையவே இல்லை, மவுஸும் நகரவில்லை என்றால் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. ரேம், மதர்போர்டு, கரன்ட் சப்ளை, டிரைவர் கோளாறு என்று யோசிக்க வேண்டும்.

பிறகு சி.பி.யூ-வின் முன்பக்கம் சிமிட்டும் சின்ன ஹார்டு டிஸ்க் லைட்டைப் பாருங்கள். நின்றிருக்கும் நேரம் முழுக்க அது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், காத்திருப்பது டிஸ்க்குக்காக. காதையும் கொடுங்கள். 'டிக்... டிக்...' என்று சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ கேட்டால் அதற்கு மேல் அந்த சிஸ்டத்தை ஓட்டக் கூடாது.

டிஸ்க் ஏன் நம்மைக் காக்க வைக்கிறது?

பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு ஒன்று சுற்றுகிறது. டெஸ்க்டாப்பில் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 120 சுற்று. தட்டைத் தொடாமல் மிக நெருக்கத்தில் மிதக்கும் ஒரு முனை, எழுதியதைப் படிக்கிறது. வருடக்கணக்கில் ஓடும்போது தட்டில் சில இடங்கள் பழுதாகின்றன. அதைத்தான் 'பேட் செக்டார்' என்கிறார்கள்.

அந்த இடத்தில் உள்ள ஃபைலைத் திறந்தால், டிஸ்க் உடனே 'முடியவில்லை' என்று சொல்லிவிடாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு சுற்று சுற்ற 8 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான் ஆகும். ஆனால் நூற்றுக்கணக்கில் முயற்சி செய்தால் நொடிகள், சில நேரம் நிமிடங்கள் ஓடிவிடும். விண்டோஸும் அதே டிஸ்க்கில் இருப்பதால், அதுவும் வரிசையில் நின்று காத்திருக்கும். நமக்குத் தெரிவது, மவுஸ் மட்டும் நகரும் ஒரு ஸ்கிரீன்.

அப்பாவின் டைரிக்கு இப்போது அர்த்தம் கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரம் யூடியூப் ஓடியும் நிற்கவில்லை, அதனால் சூடு காரணம் இல்லை. ரேம் பழுது என்றால் எப்போது வேண்டுமானாலும், எதில் வேண்டுமானாலும் நிற்கும். இது குறிப்பிட்ட பழைய ஃபைல்களைத் தொட்டால் மட்டும் நின்றது. அந்த ஃபைல்கள் இருக்கும் இடம்தான் பழுது.

ஃபார்மட் செய்தால் சில வாரம் சரியாக ஓடுவதற்கும் இதுதான் காரணம். எழுத்தெல்லாம் வேறு இடத்துக்குப் போய்விடும், பழுதான இடத்தை அப்போதைக்கு யாரும் தொட மாட்டார்கள். டிஸ்க் அப்படியே மோசமாகிக்கொண்டு இருக்கும். நம் ஃபைல்கள் மட்டும் போயிருக்கும்.

நீங்களே செய்யக்கூடிய இரண்டு டெஸ்ட்

முதல் டெஸ்ட்டுக்கு எதுவும் டவுன்லோடு செய்ய வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போய், அதைத் திறந்து வைத்தபடியே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சி.பி.யூ, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100-ஐத் தொட்டு நிற்கிறது என்று கவனியுங்கள்.

சி.பி.யூ 100 என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. 'பிராசஸஸ்' பகுதியில் அதன் பெயர் தெரியும். சில நேரம் அது விண்டோஸ் அப்டேட் அல்லது ஆன்டிவைரஸ் ஸ்கேனாக இருக்கும். அரை மணி நேரம் விட்டாலே அடங்கிவிடும்.

மெமரி 90-ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100 என்றால் ரேம் போதவில்லை. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளித் தள்ளி எடுக்கிறது. 4 ஜி.பி. ரேமில் குரோமில் பத்து டேப் திறந்தால் இதுதான் நடக்கும்.

மெமரி சாதாரணமாக இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்று, ஆனால் படிக்கும் வேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கேயே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கும். நல்ல ஹார்டு டிஸ்க்கில் இது பெரும்பாலும் சில பத்து மில்லி செகண்டுகளில் இருக்கும். எங்கள் வீட்டில் ஆயிரங்களில் போனது.

இரண்டாவது டெஸ்ட், டிஸ்க்கின் சொந்த நோட்டுப் புத்தகத்தைப் படிப்பது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை உள்ளுக்குள் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதற்குப் பெயர் 'ஸ்மார்ட்'. 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேர் அதைக் காட்டும். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. பட்டியலில் மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள். சி6 என்பது படிக்கவே முடியாமல் போனவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கில் தப்பில்லை, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிள்தான் தளர்ந்திருக்கும். அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

எங்கள் டிஸ்க் மஞ்சள் காட்டியது. சி5 வரியில் பூஜ்யம் இல்லை.

நீலம் காட்டினால் நிம்மதியா? முழுசாக இல்லை. கூகுள் நிறுவனம் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பழுதான டிஸ்க்குகளில் 56 சதவிகிதத்துக்கும் மேல், ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போயிருந்தன. ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க்குகள், அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. மஞ்சள் வந்தால் நாள் கடத்தாதீர்கள். நீலமாக இருந்தாலும் காப்பி எடுக்காமல் இருக்காதீர்கள்.

முதலில் காப்பாற்று, அப்புறம் வைத்தியம்

டிஸ்க் மேல் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து ஒழுங்கு இதுதான்: காப்பி எடுக்காமல் ஃபார்மட் கூடாது, டீஃப்ராக் கூடாது, செக் டிஸ்க்கும் கூடாது. இவை எல்லாம் சாகக்கிடக்கும் டிஸ்க்கை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வதுபோல.

எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை மாட்டி, மிகவும் தேவையானதை முதலில் எடுங்கள். மொத்த டிரைவையும் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஓரிடத்தில் நின்றால் பொறுமையாக விடுங்கள், வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சத்தம் வந்தாலோ, டிஸ்க்கே தெரியாமல் போனாலோ நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள்.

இன்னும் நல்ல வழியும் இருக்கிறது. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு சிஸ்டத்தை அதிலிருந்து ஆன் செய்து, 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியில் காப்பி எடுப்பது. அது நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் எங்களுக்கு அதைத்தான் செய்தார். ஒரு இரவும் அடுத்த நாள் பகலும் ஓடியது.

சங்கத்தின் கணக்கு முழுசாக வந்தது. 212 படங்களில் 209 முழுசாக வந்தன. மூன்று படங்கள் பாதி வரைதான் திறக்கின்றன, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். அதில் ஒன்று, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தாத்தா நிற்கும் படம். முகம் இருக்கிறது. கையில் பிடித்திருந்த குடையும், அவர் கால்களும் இல்லை. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முகம் வந்துடுச்சுல்ல, போதும்" என்றார்.

ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் நிக்குதா?

எல்லார் வீட்டிலும் டிஸ்க்தான் குற்றவாளி என்று இல்லை. மற்ற சந்தேக நபர்களும் இருக்கிறார்கள்.

சூடு: ஆன் செய்து 20 நிமிடம் கழித்து, அல்லது வீடியோ ஓடும்போது மட்டும் நின்றால் இது. உள்ளே ஃபேன் இரைச்சல் அதிகமாகும், பிறகு பட்டென்று ஆஃப். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் ஆஃப் ஆகிவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய வீடுகளிலும், பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பும் தெருக்களிலும் ஆறு மாதத்தில் எவ்வளவு தூசு சேரும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு கம்ப்யூட்டர் டேபிளின் அடைத்த தட்டுக்குள் சி.பி.யூ-வைத் திணித்து வைத்திருப்போம். வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே பல்லியோ எறும்புக் கூடோ இருந்தால் அதிர்ச்சியாகாதீர்கள், சகஜம்தான். பத்து வருட சிஸ்டம் என்றால் பிராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ரேம்: ஒரு ஒழுங்கே இல்லாமல் நிற்கும், நீல ஸ்கிரீன் வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை காட்டும். சிஸ்டத்தை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, மறுபடி அழுத்தமாகப் பொருத்துங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டுங்கள்.

கரன்ட்: மோட்டார் போடும்போது, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். அல்லது யு.பி.எஸ்-ஸைப் பார்க்க வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துவிடும், நாம்தான் பச்சை லைட்டைப் பார்த்து நம்பிக்கொண்டிருப்போம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சரி.

காயின் பேட்டரி: ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? வெப்சைட் எல்லாம் 'பாதுகாப்பில்லை' என்கிறதா? மதர்போர்டில் இருக்கும் வட்டமான பேட்டரி தீர்ந்துவிட்டது. எண் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். இதைக்கூட 'நெட் போயிடுச்சு, சிஸ்டம் போயிடுச்சு' என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

சாஃப்ட்வேர்: இரண்டு ஆன்டிவைரஸ், நிரம்பி வழியும் சி டிரைவ், ஆன் ஆகும்போதே எழுந்து உட்காரும் பத்து புரோகிராம். 'சேஃப் மோட்'டில் ஆன் செய்து பாருங்கள். அதில் நிற்கவே இல்லை என்றால் சாஃப்ட்வேர் அல்லது டிரைவர்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. பென் டிரைவ் லினக்ஸில் ஆன் செய்தும் நிற்கிறது என்றால், விண்டோஸ் மேல் பழி போட முடியாது. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பாகம்தான். டிஸ்க்கா, ரேமா, மதர்போர்டா என்ற தகராறில் பாதி இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

பழைய பெட்டிக்குச் செலவு செய்யலாமா?

அப்பா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய சிஸ்டம் அடையாளம் தெரியாமல் மாறும். எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் தட்டே இல்லை. ஹார்டு டிஸ்க் ஒரு ஃபைலைத் தேடிப் போக பத்து மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, எஸ்.எஸ்.டி-க்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். மதர்போர்டு ஏற்குமா என்று கேட்டுவிட்டு ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினால், கணக்கு எழுத, நெட் பார்க்க, வீடியோ பார்க்க இன்னும் சில வருடம் தாங்கும். மதர்போர்டே தகராறு என்றால் செலவு செய்யாதீர்கள்.

ஆனால் ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2013 சிஸ்டத்துக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. பேங்க் வேலை செய்யும் சிஸ்டத்தில் அப்டேட் இல்லாத விண்டோஸை வைத்திருப்பது, முன்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

மாற்று வழி லினக்ஸ். இலவசம்தான். தமிழ் உட்பட இந்திய மொழிகளை மனதில் வைத்து சென்னையிலேயே, சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்த 'பாஸ்' லினக்ஸும் உண்டு. நாங்கள் புது எஸ்.எஸ்.டி-யில் 'லினக்ஸ் மின்ட்' போட்டோம். அப்பா இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் தன் எக்ஸெல் கணக்கு 'லிப்ரே ஆபீஸ்'ஸில் அப்படியே திறந்ததும் சமாதானமாகிவிட்டார். ஆன் ஆக இப்போது அரை நிமிடம்கூட ஆவதில்லை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் பலர் வீட்டில் இன்னும் இருக்கும். பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன டிஸ்க் சோதனை அதற்கும் பொருந்தும். அக்கா, அண்ணன்களின் காலேஜ் படங்கள் அதில் எத்தனை இருக்குமோ!

கழற்றிய பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். நமக்குப் படிக்க முடியாவிட்டாலும், அதில் உள்ள ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேறு யாருக்காவது படிக்கக் கிடைக்கலாம். அழிக்கச் சொல்லி, பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

திருச்சியில் ஒரு காப்பி

உலகம் முழுக்க போட்டோகிராஃபர்கள் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது: 3-2-1. மூன்று காப்பி, இரண்டு வகையான இடத்தில், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. முடிச்சூர்க்காரர்களுக்கு அந்தக் கடைசி ஒன்று ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் பிறந்தாலே நாங்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

இப்போது எங்கள் வீட்டுப் படங்கள் புது எஸ்.எஸ்.டி-யில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுளில் 15 ஜி.பி. வரை இலவசம், எங்கள் 212 படங்களுக்கு அது தாராளம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் போன வாரம் அப்பாவே ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, திருச்சி அத்தை வீட்டு பீரோவில், மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தார். வைத்த தேதியையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டு சிஸ்டம் இப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை, இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போனால் திரும்பக் கிடைக்காத ஃபோல்டர் எது என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். அதை மட்டும் இன்னோர் இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். ஸ்லோ, ஹேங் எல்லாவற்றையும் நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.